உல்கும் திறையும்: அமெரிக்க அரசியல் பற்றிய தமிழ் வாதங்களும் ஆம்பூர்த் தோல் தொழிலும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க அரசியலைப் பற்றித் தமிழில் நிகழும் சூடான வாதங்கள் பெரும்பாலும் உறவு, நட்பு, பகை என்னும் சட்டகத்துக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. 2025இல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த சுங்கவரி பற்றிய விவாதத்தை எடுத்துக்கொண்டு, அதன் சொல்லாட்சியையும் வேற்றுமை உருபுகளையும் இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. பழந்தமிழ் மரபு வேறுபடுத்திக் காட்டும் ‘உல்கு’, ‘திறை’ என்னும் இரண்டும் இவ்வாதத்தில் ஒன்றாகிவிட்டன என்பதும், அதனால் வேலூர், ஆம்பூர் வட்டாரத் தோல் தொழிலாளர் வாதத்துக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர் என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: உல்கு, திறை, சுங்கவரி, வேற்றுமை, ஆம்பூர், தோல் தொழில், அமெரிக்க அரசியல்

முன்னுரை

தேநீர்க் கடை, தொலைக்காட்சி விவாத அரங்கு, திருமணப் பந்தி, கல்லூரி ஆசிரியர் அறை எனத் தமிழ்நாட்டில் வாதம் நிகழும் இடங்கள் எல்லாவற்றிலும் அமெரிக்க அரசியல் நிலையான பேசுபொருளாகிவிட்டது. வாக்குரிமை இல்லாத ஒரு நாட்டின் தேர்தலுக்காக நண்பர்கள் மனம் கசந்து பிரிவதும், உறவினர் பந்தியில் குரல் உயர்த்துவதும் இன்று புதுமையல்ல. இவ்வாதங்களை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் உண்டு. உலகறிவின் வளர்ச்சி எனப் போற்றுவோரும் உண்டு. இரு கூற்றும் வாதத்தின் மொழியைக் கவனிப்பதில்லை.

பட்டிமன்றம் தமிழரின் வாதமுறைக்கு அளித்த வடிவம் வலிமையானது. இரண்டு அணி, ஒரு நடுவர், ஒரு தீர்ப்பு. எந்தப் பொருளும் ‘இதுவா, அதுவா’ என்னும் வினாவாகச் சுருங்கினால்தான் அம்மேடையில் ஏறமுடியும். டிரம்ப்பா, ஹாரிஸா என்னும் வினா அவ்வடிவத்துக்கு எளிதில் பொருந்தியது. அணிகளும் புதிதாக அமைய வேண்டியிருக்கவில்லை. தில்லி ஆட்சியை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் தத்தம் இருக்கைகளை அப்படியே அமெரிக்கப் பொருளுக்கு மாற்றிக்கொண்டனர். அமெரிக்கா பற்றிய வாதத்தில் அமெரிக்கா மிகக் குறைவாகவே இருக்கிறது எனில் அது மிகையாகாது. இம்மேடையில் மூன்றாவது தரப்புக்கு இடமில்லை. 2025இல் அந்த மூன்றாவது தரப்பு பாலாற்றங்கரையில் இருந்தது.

சித்தியும் நண்பரும்

அமெரிக்காவைப் பற்றித் தமிழில் பேசும் மரபு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலானது. வட ஆர்க்காட்டுப் பகுதியைப் பொறுத்தவரை அமெரிக்கா முதலில் சமயமாகவும் கல்வியாகவும் மருந்தாகவும் வந்தது. ஸ்கடர் குடும்பத்தினர் முன்னின்ற ஆர்க்காடு மிஷன் 1853இல் தோன்றியது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவப் பணியே பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1862இல் வெளிவந்த பெரும் தமிழ் ஆங்கில அகராதியைத் தொகுத்த வின்ஸ்லோவும் அமெரிக்கரே. திராவிட இயக்கத்தார்க்கு அமெரிக்கா என்பது இங்கர்சாலின் நாடு. 1968இல் முதலமைச்சர் அண்ணா யேல் பல்கலைக்கழகத்தின் அழைப்பில் அங்குச் சென்றது பெருமிதமாகப் பேசப்பட்டது. வியட்நாம் போர்க் காலத்தில் இடதுசாரி மேடைகளுக்கு அது ஏகாதிபத்தியத்தின் மறுபெயர். இந்த மூன்று நிலைகளிலும் அமெரிக்கா ஒரு நிறுவனமாகவோ ஒரு கருத்தாகவோ நின்றது.

அண்மைக் கால வாதத்தில் அது ஓர் ஆளாக மாறியது. 2020 ஆகஸ்டில் துணைத் தலைவர் பதவிக்கான வேட்பாளராகத் தம்மை ஏற்றுக்கொண்ட உரையில் கமலா ஹாரிஸ் ‘சித்தி’ என்னும் தமிழ்ச் சொல்லைப் பன்மையில் பயன்படுத்தினார். அந்த ஒரு சொல் தமிழ்நாட்டில் ஏற்படுத்திய சலசலப்பை அவருடைய கொள்கை அறிக்கை எதுவும் ஏற்படுத்தவில்லை. தாய்வழிப் பாட்டனார் ஊரான துளசேந்திரபுரத்தில் சிறப்பு வழிபாடு நடந்தது, பதாகைகள் எழுந்தன. 2024 தேர்தலிலும் அவ்வழிபாடு தொடர்ந்தது. அவரை ‘நம் வீட்டுப் பெண்’ என்று ஓர் அணி கொண்டாட, ‘தமிழுக்கு என்ன செய்தார்’ என்று மற்றோர் அணி வினவியது. மேலோட்டமாக எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு கூற்றுக்கும் அடிப்படை ஒன்றே: அமெரிக்க அரசியலரை மதிப்பிடும் அளவுகோல் உறவுமுறை என்பது.

டிரம்ப்பை அளக்க நட்பு அளவுகோலாயிற்று. 2019 செப்டம்பரில் ஹூஸ்டனிலும், 2020 பிப்ரவரியில் அகமதாபாதிலும் இரு நாட்டுத் தலைவர்களும் ஒரே மேடையில் தோன்றிய நிகழ்ச்சிகள் அவ்வளவுகோலை உறுதிப்படுத்தின. 2025 ஜூலை 30 அன்று 25 விழுக்காடு வரியை அறிவித்த பதிவிலும் டிரம்ப் இந்தியாவை நண்பர் என்றே குறிப்பிட்டார். உறவு, நட்பு என்னும் சொற்களால் கட்டப்பட்ட வாதம் வரி என்னும் செய்தியைச் சந்தித்தபோது அதற்குக் கிடைத்த அடுத்த சொல் ‘துரோகம்’ என்பதாகவே இருக்க முடியும், அவ்வாறே ஆயிற்று. வாதத்தின் சூடு ஏறியது, ஆனால் சட்டகம் மாறவில்லை.

இங்கு ஒரு சொல்லைத் தனியே கவனிக்கலாம். இந்திய நாட்டின் தலைவரைத் தமிழ் இதழ்கள் ‘குடியரசுத் தலைவர்’ என்கின்றன. அமெரிக்க நாட்டின் தலைவரை ‘அதிபர்’ என்கின்றன. மூலத்தில் இரண்டும் ஒரே சொல். பழைய ‘ஜனாதிபதி’ இருவருக்கும் பொதுவாக இருந்தது. அதில் ‘ஜனம்’ உதிர்ந்து ‘அதிபதி’ மட்டும் அமெரிக்காவுக்கு நின்றது. இரண்டு பதவிகளின் அதிகாரமும் வேறுபட்டது என்பதால் இவ்வேறுபாடு ஓரளவு பொருத்தமே. எனினும், ‘அதிபர் வரி விதித்தார்’ என்னும் தொடர், இறக்குமதித் தீர்வை விதிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசமைப்பு முதற்கண் நாடாளுமன்றத்துக்கே அளித்துள்ளது என்னும் செய்தியை மறைத்துவிடுகிறது. நாடாளுமன்றமோ நீதிமன்றமோ இல்லாத ஒரு மன்னர் தமிழ்த் தொடரில் எழுகிறார்.

உல்கு, திறை

மன்னர் எழுந்ததும் அவர் பெறும் பொருள் திறையாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் பழந்தமிழ் மரபு அரசன் பெறும் பொருள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கருதவில்லை. வள்ளுவர் ‘பொருள் செயல்வகை’ அதிகாரத்தில் வேந்தனுக்குரிய பொருள்களை வகைப்படுத்தும்போது, உரியவர் இன்றித் தானே வந்து சேரும் பொருள், உல்கு பொருள், பகைவரிடமிருந்து கொள்ளும் பொருள் என மூன்றாகப் பிரிக்கிறார். பரிமேலழகர் இரண்டாவதைச் சுங்கம் என்றும், மூன்றாவதைத் திறை என்றும் விளக்குகிறார். சுங்கத்தை அவர் நீர்வழியாகவும் நிலவழியாகவும் வரும் பண்டங்களின்மேல் வைக்கிறார். திறையைத் தோற்ற பகைவரின்மேல் வைக்கிறார்.

இப்பாகுபாடு நுட்பமானது. உல்கு பண்டத்தின்மேல் ஏறுவது. துறையில், வாயிலில், பண்டம் உள்ளே வரும் இடத்தில், அதைக் கொண்டுவருவோரிடம் பெறப்படுவது. திறை மன்னன்மேல் ஏறுவது. அவனுடைய தோல்வியின் அடையாளம். உல்கு கொடுப்பதில் மானக்கேடு இல்லை. திறை கொடுப்பதில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர் பொதிகளின்மேல் புலி முத்திரை இடுகின்றனர். அவர்கள் யாரையும் வென்றவர் அல்லர், சலியாது கணக்குப் பார்க்கும் பணியாளர். முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் சிறப்புப்பெயர் வழங்கியது. திறையைத் தவிர்த்த மன்னனை இவ்வாறு புகழ்வதற்கு இடமில்லை. தன் துறைகளில் பெறும் சுங்கத்தைத் தவிர்த்ததால் தன் நாட்டு வணிகர்க்கும் குடிகளுக்கும் சுமை குறைந்தது என்பதே அப்புகழின் உட்பொருளாகக் கொள்ளத்தக்கது. சுங்கத்தின் சுமை உள்நாட்டிலும் இறங்கும் என்னும் அறிவு அப்பெயரில் அடங்கியிருக்கிறது.

2025இன் தமிழ் வாதம் இந்த அறிவை இழந்த நிலையில் நிகழ்ந்தது. அமெரிக்கா தன் துறைகளில் கொள்ளும் உல்கு, இந்தியா அமெரிக்காவுக்குச் செலுத்தும் திறையாக வாசிக்கப்பட்டது. ஆகவே ‘பிரதமர் பணிந்தாரா, நிமிர்ந்து நின்றாரா’ என்பதே வினாவாயிற்று. இரு அணியினரும் அதற்கு விடை தேடினர்.

‘இந்தியாவுக்கு வரி’

இவ்வாசிப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு வேற்றுமை உருபிலேயே தடயம் உள்ளது. ‘இந்தியாவுக்கு 50 விழுக்காடு வரி’, ‘இந்தியா மீது வரி’ என்னும் இரு தொடர்களே அந்நாள்களில் பெருவழக்கு. ‘இந்தியப் பொருள்களுக்கு வரி’ என்பதில் இடையிலுள்ள ‘பொருள்’ தொக்கதனால் பிறந்தவை இவை. தலைப்பில் இடம் சுருங்கும்போது சொல் தொகுவது இதழியலில் இயல்புதான். ஆயின் தமிழில் நான்காம் வேற்றுமை வரியோடு சேரும்போது இருவகைப் பொருள் தருகிறது. ‘வீட்டுக்கு வரி’ என்றால் வரி ஏறும் பொருள் வீடு. ‘எனக்கு வரி’ என்றால் வரி கட்டுபவன் நான். எதையேனும் ஏற்றுக்கொள்ளும் தரப்பைக் குறிப்பதை நான்காம் வேற்றுமையின் அடிப்படைப் பொருளாகத் தொல்காப்பியம் கொள்கிறது. அஃறிணைப் பொருள் தொக்கு, நாடு என்னும் மானமுள்ள பெயர் அவ்விடத்தில் வந்து அமர்ந்ததும், ‘வீட்டுக்கு’ என்னும் வகையிலிருந்து ‘எனக்கு’ என்னும் வகைக்குத் தொடர் நழுவுகிறது. வரியை ஏற்பது இந்தியா என்றாகிறது. உருபு ஒன்றே, பொருள் உல்கிலிருந்து திறைக்கு மாறிவிட்டது.

சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் வேலூரிலிருந்து ஆம்பூர் செல்வோர் பள்ளிகொண்டாச் சுங்கச்சாவடியைக் கடக்க வேண்டும். அங்கே பணம் கட்டுவது லாரி. அப்பணம் லாரி வாடகையில் ஏறும். வாடகை சரக்கின் விலையில் ஏறும் அல்லது சரக்கு அனுப்புபவரின் ஆதாயத்தில் குறையும். ‘பள்ளிகொண்டாவில் ஆம்பூருக்குச் சுங்கம்’ என்று எவரும் சொல்வதில்லை. யார் கட்டுகிறார், யார் தாங்குகிறார் என்பவை இரண்டு வினாக்கள் என்பது அன்றாட வழக்கில் தெளிவாகவே இருக்கிறது. கடல் கடந்த சுங்கச்சாவடி என்றவுடன் அத்தெளிவு கலைந்துவிடுகிறது.

அமெரிக்கச் சுங்கத்தில் பணம் கட்டுவது அங்குள்ள இறக்குமதியாளர். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அவ்வரிகளை எதிர்த்து அமெரிக்க நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கில் முதன்மை வாதியாக இருந்தது இந்தியாவோ சீனாவோ அன்று. நியூயார்க்கிலுள்ள வைன் இறக்குமதி நிறுவனம் ஒன்று. 2025 மே 28 அன்று பன்னாட்டு வணிக நீதிமன்றமும், ஆகஸ்ட் 29 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும், அவசரகாலச் சட்டத்தின்கீழ் அவ்வளவு விரிந்த வரிகளை விதிக்கத் தலைவருக்கு அதிகாரமில்லை என்றன. சொந்த நாட்டு வணிகர்கள் சொந்த நாட்டுத் தலைவர்மேல் தொடுத்த அவ்வழக்கு, திறை என்னும் சட்டகத்துக்குள் விளக்க முடியாதது. தமிழ் வாதத்தில் அது ‘டிரம்ப்புக்குப் பின்னடைவு’ என்னும் ஒற்றை வரியாகவே பெரிதும் இடம்பெற்றது.

பரஸ்பரம்

மொழிபெயர்ப்பு செய்த கேடு ஒன்றும் உண்டு. 2025 ஏப்ரல் 2 அன்று அறிவிக்கப்பட்ட வரிகள் தமிழில் ‘பரஸ்பர வரி’ எனப்பட்டன. அகராதிப்படி பிழையற்ற சொல். ஆனால் தமிழில் அதன் சேர்க்கைகளை நோக்க வேண்டும்: பரஸ்பர அன்பு, பரஸ்பர மரியாதை, பரஸ்பர உதவி, பரஸ்பர நிதி. இருதரப்பும் இசைந்து நலம் பெறும் இடங்களிலேயே அச்சொல் பெரிதும் வழங்குகிறது. ‘பதிலுக்குப் பதில் வரி’ என்று சிலர் எழுதியது வழக்குக்கு நெருக்கமானது. ஆயினும் அதுவும் முழுதும் சரியன்று. ஏனெனில் அந்த விழுக்காடுகள் ஒவ்வொரு நாடும் அமெரிக்கப் பொருளுக்கு விதிக்கும் வரியிலிருந்து கணக்கிடப்படவில்லை. அந்நாட்டுடனான சரக்கு வணிகப் பற்றாக்குறையை அந்நாட்டிலிருந்து வரும் இறக்குமதி மதிப்பால் வகுத்து, அதில் பாதியை வரியாக்கினர். இந்தியாவுக்கு 52 என்று கணக்கிட்டு 26 என்று அறிவித்தது இவ்வகையிலேதான். எனவே ‘இந்தியா அதிக வரி விதித்ததால்தான் பதில் வரி’ என்று வாதிட்ட அணியும், ‘இந்தியா அவ்வளவு விதிக்கவில்லை’ என்று மறுத்த அணியும், பொருளிலே இல்லாத ஒரு பரஸ்பரத்தைச் சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டு போரிட்டன. மூலச்சொல்லே மயக்கும் நோக்கில் ஆக்கப்பட்டது என்பது உண்மை. அம்மயக்கத்தை ஆய்ந்து உடைப்பதற்குப் பதிலாகத் தமிழ் அதற்கு நல்லாடை உடுத்தியது.

திறை என்பாரின் நியாயம்

இவ்வளவும் கூறியபின் மறுபக்கத்தையும் நோக்குதல் தகும். 50 விழுக்காடு என்பது ஒரே வரியன்று. 2025 ஆகஸ்ட் 7 முதல் நடைமுறைக்கு வந்த 25 விழுக்காடு ஒன்று. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 6இல் ஆணையிட்டு 27 முதல் கூட்டிய 25 விழுக்காடு மற்றொன்று. முதற்பாதி பிற நாடுகளுக்கும் வெவ்வேறு அளவில் விதிக்கப்பட்ட உல்கு. பின்பாதி அவ்வாறன்று. இந்திய அரசின் ஒரு முடிவை மாற்றும் நோக்கத்தோடு இந்தியப் பண்டத்தின்மேல் ஏற்றப்பட்ட தண்டம் அது. பண்டம் கருவி, குறி அரசு. அவ்வளவில், திறை என வாசித்த தமிழ் வாதம் வெறும் உணர்ச்சிப் பிழையன்று. பாதியளவில் அது நிகழ்வின் உண்மையைத் தொட்டது. எண்ணெய் வணிகத்தில் இந்தியா யாருக்கும் கட்டுப்பட்டதன்று என்னும் வாதம் அப்பாதிக்குரிய விடை.

பிழை எங்கே நேர்ந்தது எனில், அப்பாதியை முழுமையாக்கியதிலும், தண்டத்தின் குறியான அரசைப் பார்த்துக்கொண்டு கருவியான பண்டத்தைப் பாராமல் விட்டதிலும்தான். தில்லியின் மானம் பற்றிய வினாவுக்கு ‘நிமிர்ந்து நின்றோம்’ என்று விடை கிடைத்தவுடன் ஓர் அணிக்கு வாதம் முடிந்தது. ‘நட்பு என்னாயிற்று’ என்று எள்ளியவுடன் மற்ற அணிக்கும் முடிந்தது. பண்டத்துக்கு அன்றுதான் தொடங்கியது.

பாலாற்றங்கரையில்

தோல் வட்டாரம் என்று வழங்குவது இன்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரிலும், இராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் இராணிப்பேட்டையிலும், பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலும் உள்ளன. இவ்வட்டாரத்தின் தொழில் வரலாறே உல்கின் வரலாறு எனலாம். 1919இல் பிரித்தானிய இந்திய அரசு பதனிடாத தோலின் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதித்தது. பேரரசுக்குள்ளேயே பதனிடுவோர்க்கு அதில் 10 விழுக்காட்டைத் திருப்பித் தந்தது. 1923இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி அரைப்பதனத் தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. தோல் அனுப்பிய ஊர்கள் செருப்பும் ஷூவும் அனுப்பும் ஊர்களாக மாறியதற்கு அது முதன்மைக் காரணம். 2025 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் அரைப்பதனத் தோலின் இறக்குமதி வரி நீக்கப்பட்டதும் இத்தொடரின் ஒரு கண்ணியே. ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு அட்டவணையில் ஓர் எண் மாறியது. பாலாற்றங்கரையில் வேலையின் வகை மாறியது. ஆற்றின் நிலையும் மாறியது. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் வழங்கிய தீர்ப்பு அதற்குச் சான்று.

2025 ஆகஸ்ட் இறுதியில் நிலவிய எண்ணை எளிய கணக்கால் விளக்கலாம். ஆம்பூரிலிருந்து ஒரு இணை தோல் ஷூ 25 டாலருக்குச் செல்வதாகக் கொள்வோம். அமெரிக்க அட்டவணையில் தோல் காலணிக்குப் பெரும்பாலும் 8.5 அல்லது 10 விழுக்காடு முன்பிருந்தே உண்டு. 10 எனக் கொண்டு, 50ஐக் கூட்டினால் 60 விழுக்காடு. அதாவது 15 டாலர். இறக்குமதியாளருக்கு அடக்கவிலை 40 டாலர். அதே ஷூ வியட்நாமிலிருந்து சென்றால், அந்நாட்டுக்கான கூடுதல் வரி அப்போது 20 விழுக்காடு என்பதால், 32.50 டாலர். இதற்கு அடுத்த கணக்கே ஆம்பூருக்கு முக்கியமானது. வரி அனுப்புமிட விலையின்மேல் கணக்கிடப்படுவதால், ஆம்பூர் 3 டாலர் குறைத்து 22 டாலருக்குக் கொடுத்தால் வரியும் 13.20 டாலராகக் குறையும். இறக்குமதியாளரின் அடக்கவிலை 35.20 டாலர் ஆகும். ஆம்பூர் இழந்தது 3 டாலர். வாங்குபவர்க்கு மிச்சமானது 4.80 டாலர். வரி உயர உயர, விலையைக் குறைக்கச் சொல்லும் ஆசை வாங்குபவர்க்குக் கூடுவதன் இயக்கம் இதுவே. வரியைக் கட்டுபவர் அமெரிக்கர் என்பது உண்மை. அதைத் தாங்குபவரை அவர் ஆம்பூரில் தேடுவார் என்பதும் உண்மை. ‘அமெரிக்கரே வரி கட்டுகிறார், நமக்கென்ன’ என்று பொருளியல் அறிவோடு பேசிய சிலரும் இரண்டாம் பாதியை விட்டுவிட்டனர்.

அந்த 3 டாலர் எங்கிருந்து வரும்? தோலின் விலையும் ரசாயனத்தின் விலையும் சந்தையில் நிற்பவை. கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவைக் குறைக்க நீதிமன்றம் விடாது. எஞ்சுவது கம்பெனியின் ஆதாயமும் கூலியும். ஷூ தொழிலில் மேற்பகுதியைத் தைக்கும் பிரிவில் பெரும்பாலோர் பெண்கள். அதற்கும் அப்பால், வீட்டிலிருந்தபடியே மேற்பகுதியைக் கையால் தைத்து இணைக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் பெண்கள் உள்ளனர். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. ஆர்டர் குறைந்தால் ஆளை நீக்க வேண்டியதுகூட இல்லை. பை வராது, அவ்வளவுதான். 2025 ஆகஸ்டில் முதலமைச்சர் பிரதமருக்கு எழுதிய கடிதம், இந்தியாவின் சரக்கு ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கு 20 விழுக்காடு என்றும், தமிழ்நாட்டின் ஏற்றுமதியில் அது 31 விழுக்காடு என்றும் சுட்டியது. இவ்வேறுபாடு தமிழ்நாட்டு வாதத்துக்குத் தனிப் பொருளை அளித்திருக்க வேண்டும். அளித்ததாகத் தெரியவில்லை; கடிதமும் ‘யார் எழுதியது’ என்னும் அளவில் அணிகளுக்குள் பங்கிடப்பட்டது.

ஆகஸ்ட் 27 முதல் நடைமுறைக்கு வந்த ஆணையில் ஒரு சிறு விதி இருந்தது. அன்றைக்கு முன் கப்பலில் ஏற்றப்பட்டு, செப்டம்பர் 17க்கு முன் அமெரிக்கச் சுங்கத்தைக் கடக்கும் சரக்குக்குக் கூடுதல் 25 விழுக்காடு இல்லை. ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்கு அவ்வாணையில் அதைவிட முக்கியமான வரி கிடையாது. எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறுகிறது, அக்கப்பல் எத்தனை நாளில் சேரும் என்பவற்றில் ஒரு பருவத்தின் கூலி தொங்கியது. உல்கு என்பது எப்போதும் துறையையும் நாளையும் பொதியையும் பற்றியது. பட்டினப்பாலையின் அலுவலர்க்கு இவ்விதி எளிதில் விளங்கியிருக்கும். மானத்தைப் பற்றிய வாதத்தில் அதற்கு என்ன வேலை?

தமிழ்ப் புனைவிலும் இதற்கு இணையான ஓர் இடைவெளி உண்டு. தோல் தொழிலாளர் வாழ்வை விரிவாக எழுதிய நாவல் டி. செல்வராஜின் ‘தோல்’. 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நாவலின் களம் திண்டுக்கல். சங்கம் கட்டும் போராட்டத்தில் எதிர்த்தரப்பு கண்முன் நிற்கிறது. தொழிற்சாலை முதலாளிக்கு வீடு உண்டு, முகம் உண்டு, அவர் வாசலில் கூடி முழக்கமிட முடியும். விலையைக் குறைக்கச் சொல்பவர் ஊரிலேயே இல்லாத நிலைக்கு அந்நாவலின் வடிவம் போதாது. ஆம்பூர்க் கம்பெனி முதலாளியே வாங்குபவரின் பதிலுக்குக் காத்திருப்பவர். அவரை எதிர்ப்பதா, அவரோடு சேர்ந்து தில்லியிடம் முறையிடுவதா என்னும் திண்டாட்டம் இன்னும் எழுதப்பட வேண்டிய கதைப்பொருள்.

சொல்லாராய்ச்சிக்கும் இவ்வூரில் பொருள் கிடைக்கிறது. உருதும் தமிழும் ஒரே தெருவில் பேசப்படும் ஊர் ஆம்பூர். உருதுவில் ‘மஹ்சூல்’ என்றால் தீர்வை, வரி. அதே அரபுச் சொல் தமிழில் ‘மகசூல்’ ஆகி விளைச்சலைக் குறிக்கிறது. ‘சுங்கம்’ நெடுஞ்சாலைக்கு உரியது. ‘வரி’ வீட்டுக்கும் நகராட்சிக்கும் உரியது. அமெரிக்கத் தீர்வை வேலை நேரப் பேச்சில் எச்சொல்லால் சுட்டப்பட்டது, அது கட்டுபவரைக் குறித்ததா தாங்குபவரைக் குறித்ததா என்பதைத் தைக்கும் பிரிவிலும் வீட்டுத் திண்ணையிலும் கேட்டுத் தொகுக்க வேண்டும். பையர், ஆர்டர், ஷிப்மென்ட், பீஸ் ரேட் என்னும் சொற்கள் அவ்விடங்களில் தமிழாகவே வழங்குகின்றன; ‘டிரம்ப்’ என்பதும் அங்கு ஆளின் பெயராக வழங்கியதா, வேலை இல்லாத கிழமையின் பெயராக வழங்கியதா என்பது களத்தில்தான் தெரியும்.